டிராக்டர் பேட்டரி இரண்டு வருடம்கூடத் தாங்குவதில்லை, என்ன செய்யலாம்?

ராயக்கோட்டைக்காரன்:

வணக்கம். ராயக்கோட்டை பக்கம் தக்காளியும் கொஞ்சம் சாமந்தியும் போட்டிருக்கிறேன். ஒரு டிராக்டர், முதுகில் மாட்டும் பேட்டரி ஸ்பிரேயர் இரண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே வியாதி. டிராக்டரில் 88 ஏ.எச். (ஆம்பியர் மணி, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி. எது போட்டாலும் இரண்டாவது வருடமே செல்ஃப் எடுக்க மறுக்கிறது. இத்தனைக்கும் வண்டி அதிகம் ஓடுவதில்லை. உழவு முடிந்தால் அடுத்த மழை வரை கொட்டகையில்தான் நிற்கும். வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துகிறேன்.

ஸ்பிரேயர் புதிதில் காலை முழுக்க அடித்தது. இப்போது மூன்று டேங்க் போவதற்குள் மோட்டார் முனகுகிறது. கடையில் கேட்டால் "இப்ப வர்ற சரக்கே அப்படித்தான்" என்கிறார்கள். பேட்டரியைக் கழற்றி சிமென்ட் தரையில் வைப்பதுதான் காரணம் என்று என் மாமனார் அடித்துச் சொல்கிறார். எதை நம்புவது?

காவேரிப்பட்டணம் எலக்ட்ரீசியன்:

தம்பி, மாமனார் சொல்வது அந்தக் காலத்துக்குச் சரி. பேட்டரிப் பெட்டி மரத்திலும் கெட்டி ரப்பரிலும் வந்தபோது ஈரத்தில் கசிவு இருந்தது. இப்போது வருவது பிளாஸ்டிக். தரையில் வைத்தாலும் பலகையில் வைத்தாலும் ஒன்றுதான்.

வண்டி அதிகம் ஓடுவதில்லை என்றீர்களே, அதுதான் நோய். என்னிடம் வருகிற பழைய பேட்டரிகளில் உழைத்துச் செத்ததைவிடப் படுத்தே செத்ததுதான் அதிகம். ஈயப் பேட்டரி இறங்கும்போது தகட்டில் ஈய சல்பேட் படியும். சீக்கிரம் சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் படிகமாக இறுகி, அப்புறம் எந்தச் சார்ஜருக்கும் மசியாது. அதற்கு மருந்து என்று பாட்டிலில் விற்பதையும், எப்சம் உப்பையும் ஊற்றிக் காசை விடாதீர்கள். செத்த தகடு எழுந்து வராது.

உங்கள் ஐந்து நிமிட ஓட்டம் மனத் திருப்திக்கு மட்டும்தான். பாதி இறங்கிய பேட்டரி முழுதாக ஏறப் பல மணி நேரம் ஆகும், அதிலும் கடைசி ஐந்தில் ஒரு பங்கு மிக மெதுவாகத்தான் ஏறும். மாதக்கணக்கில் வண்டி நிற்கப்போகிறது என்றால் முழு சார்ஜ் ஏற்றி, நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். மாதம் ஒருமுறை சார்ஜரில் போடுங்கள். சார்ஜ் கரன்ட் ஏ.எச். அளவில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும், உங்களுக்கு 8 அல்லது 9 ஆம்பியர். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது கடைசியில். சார்ஜ் ஏறும் இடத்தில் பீடி கூடாது, வருவது ஹைட்ரஜன் வாயு.

ஒரு மல்டிமீட்டர் வாங்கி வையுங்கள், பெரிய விலை இல்லை. வண்டி நின்று நாலைந்து மணி நேரம் கழித்துப் பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12.0 என்றால் கால்வாசிதான், அன்றைக்கே ஏற்ற வேண்டும். முழு சார்ஜில் இருந்தும் செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி முடிந்தது. இன்ஜினைக் கொஞ்சம் ரேஸ் பண்ணிப் பார்த்தால் 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். 13.5-க்குக் கீழே என்றால் ஒருநாளும் நிறையாது. 15-ஐத் தொட்டால் ரெகுலேட்டர் போய்விட்டது, தண்ணீர் கொதித்து வற்றும்.

வண்டியில் பாட்டுப் பெட்டி, கூடுதல் லைட் ஏதாவது மாட்டியிருக்கிறீர்களா?

ராயக்கோட்டைக்காரன்:

பாட்டுப் பெட்டி இருக்கிறது அண்ணா. சாவி எடுத்தாலும் அதில் நேரம் காட்டும் சின்ன வெளிச்சம் அணையாது.

காவேரிப்பட்டணம் எலக்ட்ரீசியன்:

பிடித்தாயிற்று! நெகட்டிவ் வயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, வயருக்கும் டெர்மினலுக்கும் நடுவில் வையுங்கள். அந்த நிலையில் செல்ஃப் மட்டும் அடித்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும். உதாரணத்துக்கு 100 மில்லி ஆம்பியர் காட்டினால் ஒரு நாளைக்கு 2.4 ஏ.எச். போகிறது. 88-இல் பாதியைப் பதினெட்டு நாளில் குடித்துவிடும். பெட்டியின் வயரைச் சாவி வழியாக வருகிற லைனுக்கு மாற்றச் சொல்லுங்கள், அரை மணி நேர வேலை.

ஸ்பிரேயரில் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட் 8 ஏ.எச். சீல் வைத்த ஈயப் பேட்டரி. அடித்து முடித்த அன்றே சார்ஜில் போடுங்கள், நாளை என்று தள்ளாதீர்கள். கூட வருகிற மலிவு சார்ஜர்கள் பலவற்றுக்குத் தானாக நிற்கத் தெரியாது. ராத்திரி முழுக்க விட்டால் உள்ளே காய்ந்துபோகும், அதில் தண்ணீர் ஊற்றவும் வழியில்லை. பச்சை விளக்கு வந்ததும் பிடுங்கிவிடுங்கள். மருந்தடிப்பு இல்லாத மாதங்களிலும் ஒருமுறை ஏற்றி வையுங்கள்.

பென்னாகரம் டீச்சர்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். வீட்டு இன்வெர்ட்டருக்கு 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி. போர் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று தெரியும். ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா? ஏ.சி.யிலிருந்து சொட்டுவது?

காவேரிப்பட்டணம் எலக்ட்ரீசியன்:

இரண்டும் வேண்டாம் டீச்சர். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைந்திருக்குமே தவிர இல்லாமல் போகாது. ஏ.சி. தண்ணீர் காயிலில் இருக்கும் தூசியையும் உலோகத்தையும் கழுவிக்கொண்டு வருகிறது. நம் மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்றுதானே ஒகேனக்கல் திட்டமே வந்தது. அந்தக் காவிரித் தண்ணீர் குடிக்க நல்லது, பேட்டரிக்கு அல்ல. தகட்டைக் கெடுப்பது குளோரைடும் இரும்பும். டிஸ்டில்டு வாட்டர் கேன் ஒன்று வாங்கி வையுங்கள். சார்ஜ் ஏறிய பிறகு ஊற்றுங்கள். முன்னாலேயே நிரப்பினால் ஏறும்போது வழியும். தகடு வெளியே தெரிகிற அளவு வற்றியிருந்தால் மட்டும், அது மூழ்கும் வரை முன்னால் ஊற்றலாம். ஆசிட் ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

இடத்தையும் பாருங்கள். மொட்டை மாடிப் படிக்கட்டுக்குக் கீழே அடுப்பு மாதிரி இருக்கும், அங்கேதான் பலர் வைக்கிறார்கள். 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பேட்டரிக்காரர்களின் கணக்கு.

ஓசூர் சிப்காட் ஷிஃப்ட்:

அண்ணன் சொன்னதெல்லாம் ஈயத்துக்கு. நான் எலக்ட்ரிக் ஸ்கூட்டரில் கம்பெனிக்குப் போய் வருகிறேன். லித்தியத்தில் இந்தப் பாடம் அப்படியே தலைகீழ். முழு சார்ஜில் சும்மா வைப்பதுதான் அதற்கு ஆகாது. தினசரிக்கு 80 சதவீதம் போதும். ஊருக்குப் போய் மூன்று வாரம் வண்டி நிற்கும் என்றால் பாதி சார்ஜில் நிழலில் விடுங்கள். கிருஷ்ணகிரி வெயிலில் வந்து இறங்கியதும் சொருகாதீர்கள், ஆறட்டும். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை என்றால் மட்டும் அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்வார்கள், இல்லையென்றால் மீட்டர் சதவீதத்தைத் தப்பாகக் காட்டும்.

ராயக்கோட்டை அண்ணா, ஸ்பிரேயருக்கு லித்தியம் மாற்றப்போகிறீர்கள் என்றால் பழைய சார்ஜரைத் தூக்கிப் போடுங்கள். மூன்று செல் வரிசை பேக் 12.6 வோல்ட்டிலேயே நிறைந்துவிடும். ஈய சார்ஜர் 14 வோல்ட்டுக்கு மேலே போகும். தீ விபத்துக்கு அது போதும்.

ராயக்கோட்டைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. மீட்டர் வாங்கிப் பார்த்துவிட்டேன். பாட்டுப் பெட்டி மட்டும் 70 மில்லி ஆம்பியர் இழுக்கிறது. பேட்டரி 11.9. இரண்டு நாள் மெதுவாக ஏற்றியும் செல்ஃப் அடித்தால் 8-க்குப் போகிறது. ஆக, இது முடிந்த கேஸ்தானே அண்ணா?

காவேரிப்பட்டணம் எலக்ட்ரீசியன்:

முடிந்த கேஸ்தான். பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள், ஆசிட்டை வரப்பில் ஊற்றிவிட்டு ஈயத்தை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். 2022 பேட்டரிக் கழிவு விதிப்படி பழையதைத் திரும்ப எடுப்பது தயாரிப்பாளர் பொறுப்பு. புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்து விலையில் கழிக்கச் சொல்லுங்கள். புதியது மாட்டும் முன் பாட்டுப் பெட்டி வயரை மாற்றிவிடுங்கள். டெர்மினலில் வாஸ்லின் தடவுங்கள், கிரீஸ் வேண்டாம்.