கலைச்சொல் தேவை: ரோட் பைக் ஹேண்டில்பாரின் அகலத்தை எப்படிச் சொல்வது?

அன்பர்களுக்கு வணக்கம்.

மிதிவண்டிப் பாகங்களின் சொற்பட்டியலில் ஹேண்டில்பாருக்கு வந்திருக்கிறோம். 'கைப்பிடித்தண்டு' என்ற சொல்லை ஏற்றுக்கொண்டாயிற்று. வெறும் 'கைப்பிடி' என்றால் ரப்பர் உறையைச் சொல்கிறோமா, குழாயைச் சொல்கிறோமா என்று தெரியாது. அடுத்தது அதன் அகலம். ரோட் பைக்கின் (சாலையில் வேகமாக ஓட்டும் மிதிவண்டியின்), முனைகள் கீழ்நோக்கி வளைந்த தண்டுகள் 36, 38, 40, 42, 44 எனச் செ.மீ. கணக்கில் விற்கப்படுகின்றன. 'தண்டு அகலம்' என்று பதிந்துவிட்டு மேலே போகலாமா?

——————

> 'தண்டு அகலம்' என்று பதிந்துவிட்டு மேலே போகலாமா?

போக வேண்டாம், ஐயா. அகலம் எங்கிருந்து எங்கே என்பதைச் சொல் காட்டாவிட்டால் வாசகர் தவறான பாகத்தை வாங்கிவிடுவார்.

பிரேக் லீவர் பொருந்தும் இடத்தில் குழாயின் விட்டம் சுமார் 24 மி.மீ. ஒரு நிறுவனம் இடக் குழாயின் நடுவிலிருந்து வலக் குழாயின் நடுவரை அளக்கிறது. இன்னொன்று வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புவரை அளக்கிறது. இரண்டு பெட்டியிலும் '42' என்றே இருக்கும். ஆனால் இரண்டாவது தண்டை முதல் முறையில் அளந்தால் ஏறக்குறைய 39.6 செ.மீ.தான் வரும். கடையில் அடுத்தடுத்த அளவுகளுக்கு இடையே இருப்பதே 2 செ.மீ. என்பதால், ஓர் அளவே தவறிப்போகிறது.

பந்தய விதிகளைப் பாருங்கள். சர்வதேச சைக்கிள் ஒன்றியமான யுசிஐ, சாலைப் பந்தயங்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் குறைந்தது 350 மி.மீ. என்றது, 2026 ஜனவரி 1 முதல் அதை 400 ஆக உயர்த்தியது. இவை வெளி-வெளி அளவு. கூடவே இரண்டு பிரேக் ஹூட்களுக்கு (பிரேக் லீவரின் மேல் ரப்பர் உறை போட்ட, கை பிடிக்கும் பகுதி) நடுவே குறைந்தது இவ்வளவு இடைவெளி வேண்டும் என்று ஓர் உள்-உள் அளவும் வைத்தார்கள். முதலில் 320 மி.மீ. என்று அறிவித்தார்கள், சிறிய உடல்வாகு உள்ளவர்களை, குறிப்பாகப் பெண் வீரர்களை, இது பாதிக்கும் என்று எதிர்ப்பு எழுந்த பிறகு 280 ஆகத் தளர்த்தினார்கள். இந்தச் செய்தியைத் தமிழில் எழுதுகிறவர் இந்த எல்லா எண்ணுக்கும் 'அகலம்' என்றே போட்டால் யாருக்கு விளங்கும்?

என் பரிந்துரை: நடுவகலம், புறவகலம், உள்ளகலம்.

——————

மூன்றும் ஒரே வார்ப்பில் இருப்பதால் மனத்தில் நிற்கின்றன. ஒரு சிறு யோசனை: கதவு, சன்னல், அறை அளவுகளுக்குக் கொத்தனாரும் தச்சரும் 'உள்கூடு' என்கிறார்களே, அதையே எடுத்துக்கொண்டால் என்ன? புழங்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஆக்குவது எனக்கு எப்போதும் உறுத்தும்.

——————

உள்கூடு அழகான சொல்தான், அம்மா. ஆனால் அது நான்கு பக்கமும் அடைத்த இடத்தின் உள்ளளவு. தண்டு திறந்தது, இரண்டு முனைகளுக்கு இடையே இருப்பது வெறும் வெளி. தவிர, நமக்கு அதிகம் தேவைப்படுவது நடு-நடு அளவு. தச்சர் வழக்கில் அதற்கு இணையாக எடுக்கக் 'கூடு' என்ற சொல் உதவாது. நடுவகலத்தையே ஆதரிக்கிறேன்.

சொல்லோடு அளக்கும் முறையையும் பதிவில் சேருங்கள். குழாயின் நடுப்புள்ளியைக் கண்ணால் மதிப்பிட வேண்டியதில்லை. இடக் குழாயின் இடது விளிம்பிலிருந்து வலக் குழாயின் இடது விளிம்புவரை அளந்தால் அதுவே நடுவகலம்; இரு பக்கமும் ஒரே விட்டம் என்பதால் பாதி கூடுவதும் பாதி குறைவதும் சரியாகிவிடும். லீவர் மாட்டும் வளைவில் ஒருமுறை, கீழ்முனையில் ஒருமுறை, இரண்டு இடத்திலும் அளக்க வேண்டும். தண்டின் மேல் பிடிமானத்துக்கான டேப் சுற்றியிருந்தால் அதன் தடிமன் எல்லா இடத்திலும் ஒன்றாக இராது. பிரித்துவிட்டு அளப்பதே நல்லது.

——————

சொல் நிலைக்க வேண்டுமானால் அதை வைத்து ஒரு முழுக் குறிப்பு எழுதிப் பார்க்க வேண்டும். எழுதினேன், எங்கே இடறுகிறது என்று பாருங்கள்.

"தண்டின் நடுவகலத்தைத் தேர்ந்தெடுக்கத் தோளெலும்பின் அகலத்திலிருந்து தொடங்குங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து, கைகளைத் தொங்கவிட்டு நில்லுங்கள். இன்னொருவர் காறை எலும்பின் மேல் விரலை வைத்து வெளிப்பக்கமாக நகர்த்திக்கொண்டே போனால், தோளின் உருண்ட தசை தொடங்கும் முன் ஒரு கெட்டியான எலும்பு முனை தட்டுப்படும். ஐயமிருந்தால் கையைப் பக்கவாட்டில் தூக்குங்கள். அந்த முனையை ஒட்டி ஒரு குழி விழும். இரு பக்கமும் குறியிட்டு, நேர்க்கோட்டில் அளவுகோலால் அளக்க வேண்டும். தையற்காரர் எடுக்கும் ஷோல்டர் அளவு இதற்கு உதவாது. அவர் நாடா முதுகின் வளைவில் படிந்து கைத்தையல்வரை போகிறது, எண் கூடிவிடும்.

"கிடைத்த அளவு 38 செ.மீ. என்றால், ஹூட் இருக்கும் இடத்தில் நடுவகலம் 38 என்பது பழைய, இன்றும் நம்பத்தக்க தொடக்கம். காற்றுத்தடையைக் குறைக்க நினைப்பவர்கள் 36க்கு இறங்குகிறார்கள். மேடுபள்ளமான சாலையில் ஓட்டுபவர் 40க்கு ஏறலாம். அதற்கு மேல் விலகக் காரணம் வேண்டும்.

"தண்டு மிக அகலமானால் கைகள் விரிந்து, மணிக்கட்டு வெளிப்பக்கம் ஒடிந்தாற்போல் நிற்கும், கழுத்துக்கும் தோள்பட்டைக்கும் நடுவே வலி ஏறும். மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போவதும் உண்டு. ஆனால் சீட்டின் மூக்கு கீழே சாய்ந்து உடல் எடை கைக்கு வந்தாலும் இதே மரப்பு வரும். முதலில் சீட்டைச் சரிசெய்துவிட்டுத்தான் தண்டைக் குற்றம் சொல்ல வேண்டும்.

"மிகக் குறுகலானால் திருப்பும் நெம்புகை குறைகிறது. 44இலிருந்து 38க்குப் போனால் நடுவிலிருந்து கைவரை உள்ள பக்கவாட்டுத் தொலைவு 220 மி.மீ.யிலிருந்து 190 ஆகிறது. ஏழில் ஒரு பங்கு இழப்பு. எழுந்து நின்று மிதிக்கும்போதும் பக்கக் காற்றிலும் இது உடனே தெரியும். கீழ்வளைவைப் பிடித்துக் குனிந்தால் முழங்கால் முன்கையில் இடிக்கவும் கூடும்."

——————

தெளிவாக இருக்கிறது. ஒன்றைச் சேருங்கள், ஒன்றைச் சேர்த்துவிடாதீர்கள்.

சேர்க்கக் கூடாதது: 'தண்டை 2 செ.மீ. அகலமாக்கினால் ஸ்டெம்மை 1 செ.மீ. குறைக்க வேண்டும்' என்று பரவலாகச் சொல்லப்படும் விதி (ஸ்டெம் என்பது தண்டைக் கவ்வி வண்டியோடு இணைக்கும் பாகம்). கணக்குப் போட்டுப் பாருங்கள். தோளிலிருந்து ஹூட்வரை 600 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கை 30 மி.மீ. வெளியே விலகினால் முன்னோக்கி எட்டும் தொலைவு 599.2 மி.மீ.; இழப்பு ஒரு மி.மீ. கூட இல்லை. 60 மி.மீ. விலகினாலும் 3 மி.மீ.தான். அகலத் தண்டில் எட்டவில்லை என்று தோன்றுவது தோள் விரிந்து இழுபடுவதால். ஸ்டெம்மைத் தொடாமல் முதலில் சில நாள் ஓட்டிப் பார்க்கட்டும்.

சேர்க்க வேண்டியது: மாற்றும்போது என்ன தவறும் என்பது. ஸ்டெம் கவ்வும் இடத்தின் விட்டம் இன்று பெரும்பாலும் 31.8 மி.மீ.; பழைய வண்டிகளில் 26.0 அல்லது 25.4. நெருக்கமாகத் தெரிகிறதே என்று 26.0 ஸ்டெம்மில் 25.4 தண்டை முறுக்கினால் ஓடும்போது சுழன்றுவிடும். முகப்புத் தகட்டின் நான்கு திருகுகளையும் குறுக்கு மறுக்காக, மேலும் கீழும் இடைவெளி ஒன்றாக இருக்கும்படி, ஸ்டெம்மில் அச்சிட்ட முறுக்குவிசைவரை மட்டுமே இறுக்க வேண்டும். பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர். தண்டு 4 செ.மீ. அகலமானால் பக்கத்துக்கு 2 செ.மீ. கேபிள் கூடுதலாக வேண்டும். தண்டை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, எந்தக் கேபிளும் பிரேக் குழாயும் விறைக்கவில்லை என்று பார்த்த பிறகே டேப் சுற்ற வேண்டும். ஹைட்ராலிக் பிரேக்கின் எண்ணெய்க் குழாய் தண்டுக்குள்ளேயே ஓடும் வண்டியானால், அதைக் கழற்றிக் கோத்து, எண்ணெயில் காற்று நீக்கும் வேலையும் சேரும். ஆகவே அப்படிப்பட்ட வண்டியை வாங்கும்போதே நடுவகலத்தைக் கேட்டு மாற்றிக்கொள்வதுதான் மலிவு.

——————

இன்னும் ஒரு சொல் மிச்சமிருக்கிறது. தண்டின் கீழ்முனை மேற்பகுதியைவிட வெளியே சாய்ந்து விரிவதற்கு ஆங்கிலத்தில் 'ஃபிளேர்' என்கிறார்கள். 'விரிகோணம்' எனலாமா?

——————

கூடாது. பள்ளிக் கணிதத்தில் விரிகோணம் என்பது 90 பாகைக்கு மேற்பட்ட கோணம். 12 பாகைச் சாய்வை விரிகோணம் என்றால் எட்டாம் வகுப்புப் பிள்ளையே சிரிக்கும். 'அகல்வு' என்று வைப்போம். நடுவகலத்தோடு வேர் உறவும் இருக்கிறது. சில நிறுவனங்கள் இதைப் பாகையில் தருகின்றன, சில மி.மீ.யில், அலகைக் கட்டாயம் எழுதச் சொல்ல வேண்டும். தண்டின் இறக்கம் (மேற்பகுதிக்கும் கீழ்முனைக்கும் இடைப்பட்ட உயரம்) 120 மி.மீ., அகல்வு 12 பாகை என்றால் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 25 மி.மீ. வெளியே போகும். ஹூட் அருகே 380 இருந்த நடுவகலம் கீழ்முனையில் 430ஐத் தொடும். இதனால்தான் அளந்த இடத்தையும் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

——————

ஏற்கிறேன். பட்டியலில் இப்படிப் பதிகிறேன்:

நடுவகலம் – தண்டின் இரு குழாய்களின் நடுக்கோடுகளுக்கு இடைப்பட்ட தொலைவு. அளந்த இடம் (ஹூட் / கீழ்முனை) சேர்த்தே எழுதப்படும். புறவகலம் – வெளிவிளிம்புகளுக்கு இடையே. நடுவகலத்தைவிட ஒரு குழாய் விட்டம் கூடுதல். உள்ளகலம் – உள்விளிம்புகளுக்கு இடையே. பந்தய விதியில் ஹூட்களுக்கு இடைப்பட்டது. அகல்வு – கீழ்முனை வெளியே விரியும் அளவு. பாகை அல்லது மி.மீ.

எடுத்துக்காட்டு: நடுவகலம் 380 (ஹூட்) / 430 (கீழ்முனை), அகல்வு 12°, இறக்கம் 120.

ஹூட், ஸ்டெம் இரண்டும் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். அவற்றுக்குத் தனி இழை தொடங்குகிறேன்.