ஜாஸ் ரசிகர்களே, அடுத்து எந்த ஆல்பம் கேட்கலாம்?

வணக்கம் நண்பர்களே. ஜாஸ் கேட்க ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது. அடுத்து எங்கே போவது என்று உங்களிடம்தான் கேட்க வேண்டும்.

என்னை உள்ளே இழுத்தது ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பம். அதன் முதல் பாட்டில் பாஸ் (தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) ஏதோ கேள்வி கேட்பது போல ஒரு வரி வாசிக்கும், மற்ற வாத்தியங்கள் இரண்டே தட்டில் பதில் சொல்லும். அந்த இடத்துக்காகவே எத்தனை முறை திரும்பக் கேட்டிருப்பேன் என்று தெரியாது. அதே 1959-இல் வந்த டேவ் ப்ரூபெக்கின் 'டைம் அவுட்'டும் பிடித்தது. ஐந்து எண்ணிக்கைத் தாளத்தில் அவ்வளவு இலகுவாக ஒரு மெட்டு!

ஆனால் மனதுக்கு மிக நெருக்கமானது பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழு 1961-இல் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் என்ற ஜாஸ் கிளப்பில் வாசித்த பதிவுகள்தான். பின்னால் கண்ணாடிக் கோப்பைகள் உரசும் சத்தம்கூடக் கேட்கும். பாஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ பியானோவுக்குப் பின்னால் நிற்காமல், கூடவே பேசிக்கொண்டு வருவார். அடுத்த சில நாட்களிலேயே 25 வயதில் விபத்தில் இறந்துவிட்டார் என்று அறிந்தபின் அதைச் சும்மா கேட்க முடியவில்லை.

சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' ஆல்பத்தின் முதல் பகுதி பிடிக்கிறது, அப்புறம் வழி தவறிவிடுகிறேன். அவருடைய எந்த ஆல்பத்தை முதலில் கேட்டால் அது பிடிபடும்?

பியானோ, பாஸ், டிரம்ஸ் மூன்றும் சமமாக உரையாடும் வேறு ஆல்பங்கள் இருந்தால் அவசியம் சொல்லுங்கள். பெண் பாடகிகளில் யாரிடமிருந்து தொடங்கலாம்? பெயரோடு, எந்தப் பாட்டில் எதைக் கவனிக்க வேண்டும் என்றும் ஒரு வரி எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.