கொள்ளிடம் திட்டு ஊர்களுக்குப் படகில் மருத்துவ முகாம்: போனவர்கள் சொல்லுங்களேன்

முத்தியால்பேட்டை பார்மசி:
வணக்கம். பி.பார்ம் முடித்துவிட்டு புதுச்சேரியில் ஒரு மருந்துக்கடையில் இருக்கிறேன். மேட்டூர் நிரம்பிவிட்டதால் சீனியர்கள் சிலர் டாக்டரோடு திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி பக்கம் போகத் தயாராகிறார்கள். என்னையும் கூப்பிடுகிறார்கள். எனக்கு நீச்சல் தெரியாது, வீட்டில் அம்மா ஒரே சத்தம். அது கிடக்கட்டும். என்ன எடுத்துப் போகணும்? லீவு இரண்டே நாள்தான்.

ஓ.டி. கம்பவுண்டர்:
தங்கச்சி, லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் ஏறாதே. "அஞ்சு நிமிஷம்தான்" என்பார்கள், கேட்காதே.

நான் 2022 ஆகஸ்ட்டில் போனேன். அங்கே ஒரு சொட்டு மழை கிடையாது, வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆனால் மேட்டூரில் திறந்த தண்ணீர் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திரும்பி, அணைக்கரை தாண்டி வந்து தெருவில் இடுப்பளவு நிற்கிறது.

நான் செய்த தப்பைச் சொல்கிறேன். கடைப் பழக்கத்தில் மாத்திரை அட்டையைக் கத்தரித்து, காகிதக் கவரில் போட்டு, மைப்பேனாவில் வேளை எழுதிக் கொடுத்தேன். ஒரு பாட்டி இரண்டு கவரையும் முந்தானையில் முடிந்துகொண்டு தண்ணீரில் இறங்கி நடந்தார். மை போச்சு. பெயர் அச்சடித்த பக்கம் வேறு யாருக்கோ வெட்டிக் கொடுத்த துண்டில் இருந்தது. பிரஷருக்கு இரண்டு வேளை, சர்க்கரைக்குக் காலையில் மட்டும் என்று சொல்லியிருந்தேன். அவர் மாற்றிப் போட்டுவிட்டார், அதுவும் சரியாகச் சாப்பிடாமல். மறுநாள் பார்த்தால் பள்ளிக்கூடத் திண்ணையில் வேர்த்துக் கொட்டி, கை நடுங்க உட்கார்ந்திருக்கிறார். சர்க்கரையை அள்ளிப் போட்ட டீ கொடுத்ததும் தெளிந்தார். தெளிந்து கேட்டது: "நீ சொன்ன மாதிரிதானேப்பா போட்டேன்?"

அன்றிலிருந்து அட்டையை வெட்டுவதில்லை. ஜிப் கவர், அழியாத மார்க்கர், காலைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா. சத்து டானிக் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு போகாதே. வீட்டோடு மாத்திரையும் நனைந்து போன பிரஷர், சர்க்கரைக்காரர்கள்தான் அதிகம் வருவார்கள். சேற்றுப்புண் களிம்பு, ஓ.ஆர்.எஸ்., குளோரின் மாத்திரை போதும். இன்சுலினை ஐஸ்கட்டி மேல் நேராக வைக்காதே, உறைந்தால் குப்பைதான்.

கிள்ளை நர்ஸ்:
முதலில் வட்டார மருத்துவ அலுவலரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். எந்த ஊருக்கு எந்தக் குழு போயிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். இல்லாவிட்டால் ஒரே தெருவில் மூன்று முகாம் நடக்கும்.

வெள்ளத்தில் பாம்பு விறகுக் குவியலிலும் கூரையிலும் ஏறிக்கொள்ளும். கடித்தால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல் படகில் கிடத்துங்கள். 108 எந்தக் கரையில் வந்து நிற்கும் என்பதைக் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், கடித்த பிறகு தேடக்கூடாது. கால் புண்ணோடு தண்ணீரில் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சலுக்கு முன்கூட்டியே டாக்ஸிசைக்ளின் வேண்டுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கு அது ஆகாது.

திட்டுக்காரி:
நான் அந்த ஊர்தான். தப்பாக நினைக்காதீங்க, முதல் நாள் படகு படகாக வருவீங்க. அன்றைக்கு எங்களுக்கு வேண்டியது மாடு கட்ட மேடும், குடிக்கத் தண்ணீரும், பொம்பளைங்க ஒதுங்க இடமும். போட்டோ எடுத்துக்கொண்டு போயிடுவீங்க. தண்ணி வடிந்து வீட்டுச் சேற்றை வழித்துப் போடும்போதுதான் ஒவ்வொருத்தராகக் காய்ச்சலில் படுப்போம். அப்போது ஒரு படகும் வராது.

கிள்ளை நர்ஸ்:
அக்கா சொல்வது உண்மை. எலிக்காய்ச்சல் பெரும்பாலும் ஒன்று, இரண்டு வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். கெண்டைக்கால் வலியும் கண் சிவப்புமாகக் காய்ச்சல் வந்தால் பாரசிட்டமாலோடு அனுப்பிவிடாதீர்கள். அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்கு ஏற்றுங்கள்.

முத்தியால்பேட்டை பார்மசி:
லீவைப் பத்து நாள் தள்ளிக் கேட்டேன். முதலாளி முறைத்தார், ஆனால் கொடுத்துவிட்டார். சீனியர்களில் இரண்டு பேரும் அப்போது வருகிறார்கள். அண்ணா, மார்க்கர் ஒரு டஜன் வாங்கிவிட்டேன். அக்கா, பொம்பளைங்களைத் தனியாகப் பார்க்க மறைப்புக் கட்டணும். சேலை கொண்டு வரட்டுமா?

திட்டுக்காரி:
சேலை இங்கே இருக்கு. கயிறு கொண்டு வாம்மா.