புதுப்பிப்பு: ஆர்சிசிபி டிரிப் ஆன வீடு, பழுது கிடைத்துவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: ஃபேன், லைட் ஓடும்போது ஒன்றும் இல்லை, அயர்ன் பாக்ஸ் போட்டால் மட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது, ஃபேஸுக்கும் (கரண்ட் வரும் வயர்) எர்த்துக்கும் இடையே மெகர் (வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது, என்ன செய்வது என்று. "நியூட்ரலைப் பார்", அதாவது கரண்ட் திரும்பும் வயரைப் பார் என்று சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

நேற்று அண்ணனோடு அந்த வீட்டுக்கு மறுபடி போனேன். மெயினை அணைத்து, டெஸ்டரில் சப்ளை இல்லை என்று உறுதி செய்து, பிளக்குகளை எல்லாம் பிடுங்கிவிட்டு, நியூட்ரல் வயர்கள் எல்லாம் சேரும் நியூட்ரல் பாரிலிருந்து ஆறு வயரையும் கழற்றினோம். மெகரை 500 வோல்ட்டில் வைத்து ஒவ்வொன்றாக எர்த்தோடு சோதித்தோம். குறைந்தது 1 மெகா ஓம் வேண்டும். நான்கு வயரில் முள் 200 மெகா ஓமைத் தாண்டியது. ஐந்தாவதில் நேராக 0.

அந்த லைனில் கீஸர் சுவிட்ச் பாக்ஸைத் திறந்தால், நியூட்ரல் வயர் இரும்புப் பெட்டிக்கும் திருகாணிக்கும் நடுவே நசுங்கி, செம்பு பளபளவென்று தெரிந்தது.

அந்த லைனின் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் விழும் சுவிட்ச்) ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கிறது. அதனால் கீஸரை அணைத்தாலும் அந்த நியூட்ரல் எர்த்தைத் தொட்டபடியே இருந்திருக்கிறது. லோடு ஏறியதும் திரும்பும் கரண்டில் ஒரு பங்கு எர்த் வழியாகப் போக, ஆர்சிசிபி விழுந்திருக்கிறது.

அந்த வயரை மாற்றி மறுபடி மெகர் வைத்தோம், 200-க்கு மேல். அப்புறம் அயர்ன் பாக்ஸ் போட்டு அரை மணி நேரம் காத்திருந்தோம். விழவில்லை.