ராயல் பைத்தானின் அடிவயிற்றில் செம்பழுப்புத் திட்டு: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். லண்டனில் நான்கு வயது ராயல் பைத்தான் (சிறிய வகை மலைப்பாம்பு) ஒன்று வளர்க்கிறேன். போன வாரம் சட்டை உரித்தது. ஒரே உறையாக வராமல் துண்டு துண்டாக வந்தது. நேற்று கையில் எடுத்தபோது அடிவயிற்றில் நாலைந்து செதில்கள் செம்பழுப்பாக மாறியிருந்தன. ஒன்றின் ஓரம் எழும்பி, அடியில் கடுகளவு நீர்க்கொப்புளம். மனசே சரியில்லை.

முதலில் உண்ணியோ என்று நினைத்தேன். கண்ணோரம், தாடை மடிப்பு, தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் பார்த்துவிட்டேன், கருப்புப் புள்ளி ஒன்றும் இல்லை. செதில் அழுகலாக (ஈரத்தில் கிடப்பதால் வரும் தோல் தொற்று) இருக்குமோ என்றுதான் பயம். தோல் நன்றாக உரியட்டும் என்று தேங்காய் நார்த்தூளில் தண்ணீரை நிறையவே ஊற்றியிருந்தேன். ஈரப்பதம் காற்றில் இருக்க வேண்டும், தரை ஊறிக் கிடக்கக் கூடாது என்பது இப்போதுதான் உறைக்கிறது.

நார்த்தூளை அள்ளிவிட்டு கிச்சன் பேப்பர் விரித்திருக்கிறேன், தினமும் மாற்றுகிறேன். சூடான பக்கம் 32 டிகிரி. கொப்புளத்தை உடைக்கவில்லை. ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் வெள்ளிக்கிழமைதான் நேரம் கிடைத்தது. அதுவரை போவிடோன் அயோடின் கிருமிநாசினியை பிளேன் டீ நிறத்துக்குத் தண்ணீர் கலந்து ஒற்றிவிடலாமா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை? அப்புறம், இந்த வார எலியைக் கொடுக்கட்டுமா, நிறுத்தி வைக்கட்டுமா?