அம்மம்மாவுக்குத் தெரியாத பெயர்

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் விமானம் தாழப் பறந்தால், அம்மம்மா கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பாட்டு மேசையின் காலைப் பிடித்துக்கொள்வார். எண்பது வயதிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு வீசிய நாள். காலைப் பூசை முடித்து வந்து அடுப்பைப் பற்றவைத்தபோது துறைமுகப் பக்கம் வெடித்ததாம். அலுமாரிக் கண்ணாடி நடுங்கியதையும், தம்பிமார் இருவரையும் மேசைக்கடியில் தள்ளித் தானும் நுழைந்துகொண்டதையும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

அந்தத் தாக்குதலை முன்கூட்டியே எச்சரித்த லெனாட் பேர்ச்சல் என்பவரின் பெயரை நான் அறிந்தது அம்மம்மா இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகுதான். கனடா விமானப்படையின் 413ஆம் படையணியை வழிநடத்தியவர். தென்னிலங்கையில் உள்ள கொக்கலைக்கு வந்து இரண்டே நாளில், ஏப்ரல் 4 அன்று, கட்டலினா கடல்விமானத்தில் ரோந்து போனார். திரும்பும் நேரத்தில் தொடுவானத்தில் புள்ளிகள் தெரிந்தன. இன்னும் கிட்டப் போனார். ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்கள்! இப்படிப்பட்ட எச்சரிக்கைச் செய்தியை மும்முறை அனுப்புவது முறை. மூன்றாம் முறை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே குண்டு பாய்ந்து வானொலி சிதறியது. ஒன்பது பேரில் மூவர் இறந்தார்கள். மற்ற ஆறு பேரையும் ஜப்பானியர் கடலிலிருந்து தூக்கிச் சிறைப்பிடித்தார்கள்.

அந்தச் செய்தி கிடைத்ததால் கொழும்புத் துறைமுகத்துக் கப்பல்கள் பல முன்கூட்டியே வெளியேறின. ஓடுபாதையாக்கப்பட்டிருந்த கறுவாத்தோட்டக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்து ஹரிக்கேன் போர்விமானங்கள் எழுந்தன. அப்படியும் ஊர் தப்பவில்லை. அங்கொடை மனநல மருத்துவமனையில்கூடக் குண்டு விழுந்தது. தென்கடலில் 'டோர்செட்ஷயர்', 'கோர்ன்வால்' என்ற இரண்டு பிரித்தானியப் போர்க்கப்பல்கள் மூழ்கின.

'இலங்கையின் மீட்பர்' என்று பேர்ச்சலைச் சொல்கிறார்கள். எனக்கு அதைவிட அவருடைய சிறைக்காலமே பெரிதாகத் தெரிகிறது. ஜப்பானிய முகாம்களில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் கைதிகளின் மூத்த அதிகாரியாக இருந்து, நோயாளிகளை வேலைக்கு இழுக்காதே என்று காவலர்களை எதிர்த்து நின்றார். அடியை வாங்கிக்கொண்டார். இறந்தவர்களின் விவரங்களை இரகசியமாக எழுதிப் பாதுகாத்தார். பறத்தலுக்கு ஒரு பதக்கம், சிறையில் காட்டிய துணிவுக்கு 1946இல் ஓ.பி.ஈ. என்ற பிரித்தானிய விருது. பின்னர் ஏர் கொமடோர் என்ற விமானப்படை உயர்பதவிக்கு வந்து, கனடா அரச இராணுவக் கல்லூரிக்கும் தலைமை தாங்கி, 2004இல் காலமானார்.

போன உயிர்த்த ஞாயிறன்று மகளைப் பந்தயத் திடலுக்கு அழைத்துப் போனேன். இன்று அங்கே கடைகளும் ஓட்டப் பாதையும்தான். பழைய பார்வையாளர் மண்டபத்தின் முன் நின்று பேர்ச்சலின் கதையைச் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "அம்மம்மாவுக்கு இவரைத் தெரியுமா, அப்பா?"

தெரியாது என்றேன். உங்கள் வீடுகளில் அந்தக் காலையைப் பார்த்த பெரியவர்கள் யாராவது இன்னும் இருந்தால், இந்தப் பெயரை அவர்களுக்குச் சொல்லுங்கள்.