மலக்குடல் புற்றுநோய் அறுவை: குடலை இணைப்பதா, நிரந்தரப் பை வைப்பதா?

ஆரணி வாசகர் (கேள்வி):
ஆரணியில் பட்டு நெய்யும் என் தந்தைக்கு மலக்குடலின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய். கதிர்வீச்சும் கீமோவும் முடிந்து, வேலூரில் அறுவைக்கு நாள் குறித்துள்ளார்கள். மலக்குடலை எடுத்தபின் பெருங்குடலை மடித்து, 'ஜே' வடிவப் பையாகத் தைத்து ஆசனவாயோடு இணைக்க முடியும் என்று மருத்துவர் சொன்னார். குடலை வயிற்றில் திறந்துவிட்டு, மலம் சேர வெளியே நிரந்தரப் பை வைப்பதைவிட இது மேலானதா? அவர் குழித்தறியில் மணிக்கணக்காக உட்கார வேண்டியவர்.

ஓய்வுபெற்ற செவிலியர், காட்பாடி:
தம்பி, மலம் தேங்கி நிற்கும் இடமே மலக்குடல். அதை எடுத்துவிட்டு நேராக இணைத்தால், தேக்கிவைக்க இடமில்லாமல் ஒரே காலைப்பொழுதில் பலமுறை போக வேண்டியிருக்கும். உணர்வு வந்தபின் அடக்குவதும் கடினம். 1986-இல் பிரான்ஸ் நாட்டு அறுவை மருத்துவர்கள் வெளியிட்ட இந்த 'ஜே' முறை அந்தத் தொல்லையைக் குறைக்கிறது. 5 முதல் 6 செ.மீ. நீளம் போதும், பெரிதாகத் தைத்தால் மலம் முழுமையாக வெளியேறாது. இடுப்புக்கூடு குறுகலான ஆண்களுக்கு மடித்த குடல் உள்ளே இறங்காமல் போவதுண்டு. அப்போது குடலின் பக்கவாட்டில் இணைப்பார்கள், பலன் ஏறக்குறைய அதுவே. இதன் நன்மை முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளில்தான் தெளிவாகத் தெரியும். இணைப்பு ஆறும்வரை பெரும்பாலும் சிறுகுடலைத் தற்காலிகமாக வயிற்றில் திறந்துவைப்பார்கள் என்பதால், எப்படியும் சில மாதங்கள் பையோடு பழக வேண்டியிருக்கும்.

குடியாத்தம் வாசகர்:
எனக்கு இணைப்புதான் செய்தார்கள். தற்காலிகப் பையை எடுத்து வயிற்றுத் திறப்பை மூடிய பிறகுதான் உண்மையான சோதனை தொடங்கியது. கழிப்பறை இல்லாத பேருந்துப் பயணத்தை நினைத்தாலே அஞ்சினேன். கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு இந்த மலம் அடக்கும் தொல்லை கூடுதலாக இருக்கும் என்பதை முன்கூட்டியே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள், ஐயா. மருத்துவர் அளவு சொல்லிக் கொடுத்த லோபரமைடும் (வயிற்றுப்போக்கைக் கட்டுப்படுத்தும் மருந்து), இடுப்புத்தளத் தசைப் பயிற்சியும், உணவு நேரத்தை ஒழுங்குபடுத்தியதும் எனக்கு உதவின. டென்மார்க்கில் உருவாகி 2012-இல் வெளியான ஐந்து கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் இந்தத் தொல்லையை மதிப்பிட உண்டு. 42-க்கு 30 அல்லது அதற்கு மேல் வந்தால் கடுமையான பாதிப்பு என்று பொருள். பரிசோதனைக்குப் போகும்போது அதைக் கொண்டு மதிப்பிடச் சொல்லுங்கள். 'கொஞ்சம் சிரமம்' என்று மட்டும் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை.

ராணிப்பேட்டை வாசகர்:
என் கணவருக்கு ஆசனவாயை மூடித் திறக்கும் சுருக்குத்தசை வரை கட்டி பரவியிருந்ததால் நிரந்தரப் பைதான் வழி. அதை வைத்துக்கொண்டே தோல் தொழிற்சாலை வேலைக்குத் திரும்பினார். பை வைத்தவர்களைவிட இணைப்புப் பெற்றவர்களின் வாழ்க்கைத்தரம் கட்டாயம் உயர்ந்தது என்று ஆய்வுத் தொகுப்புகளும் உறுதிப்படுத்தவில்லை. தற்காலிகமோ நிரந்தரமோ, பை அமையும் இடத்தை அறுவைக்கு முன்பே, நிற்க வைத்தும் உட்கார வைத்தும் பார்த்து மையால் குறிப்பார்கள். நெய்த துணி சுருளும் மரம் வயிற்றுக்கு நேராக வருமே, அதைச் செவிலியரிடம் அவசியம் சொல்லுங்கள். உங்கள் தந்தை தறியில் குனிவதுபோல் குனிந்து காட்டட்டும். சிறுநீர், தாம்பத்திய நரம்புகள் பாதிக்கப்படும் வாய்ப்பையும் அவரே தனியாகக் கேட்பது நல்லது; மகனை வைத்துக்கொண்டு கேட்க மாட்டார்.

ஆரணி வாசகர்:
மிக்க நன்றி. அடுத்த முறை அப்பாவை மட்டும் மருத்துவர் அறைக்குள் அனுப்பிவிட்டு நான் வெளியே இருக்கிறேன். தறி மரத்தின் உயரத்தை இன்றே அளந்துவைக்கிறேன்.